வழிபாடு மாறினும் வாழும் கோவில்கள்

சங்கரன்கோவிலுக்குச் செல்வோர் புற்றுமண்ணை அருட்பொருளாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொள்வர். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் சிவன் பெரியவனோ, திருமால் பெரியவனோ என்று வாதிட்டனர் என்றும், இறைவன் இருவடிவும் ஓருருவாகச் சங்கரநாராயணராய்க் காட்சியளித்தான் என்றும் அத்தலபுராணம் கூறும். இரு நெறிகள் ஒரே காலத்தில் ஒரே திருமேனியில் இணைந்த சிறப்பு இது.

ஒரு நெறியார் போற்றிய கோவில், காலம் செல்லச் செல்ல மற்றொரு நெறியார்க்கு உரியதாதலும் உண்டு. இதற்குச் சான்றாக விளங்குவது, நாகர்கோவிலுக்குப் பெயர் தந்த நாகராசர் கோவில். அங்கும் மண்ணே அருட்பொருள். ஓலை வேய்ந்த கருவறையின் ஈரமணலையே அடியார்கள் பெற்றுச் செல்வர்.

அக்கோவில் தூண்களை உற்று நோக்கின் வியப்பே மிகும். சமணர் வணங்கும் பார்சுவநாதர், மகாவீரர், பதுமாவதி ஆகியோரின் உருவங்கள் அங்குச் செதுக்கப்பட்டுள்ளன. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர்க்கு நிலம் வழங்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. எனவே, அக்காலத்தில் அது சமணப் பள்ளியாக இருந்தது என்பர் ஆராய்ச்சியாளர். பார்சுவநாதரின் தலைக்குமேல் நாகம் படமெடுத்துக் குடை பிடிக்கும். அந்நாகமே பழைய வழிபாட்டிற்கும் புதிய வழிபாட்டிற்கும் பாலமாயிற்று எனலாம்.

கடல் கடந்த கம்போடிய நாட்டிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் என்னும் கெமர் மன்னன் திருமாலுக்கு அங்கோர் வாட் என்னும் பெருங்கோவிலை எழுப்பினான். பின்னர் அது பௌத்தக் கோவிலாயிற்று. ஆயினும், வாசுகி என்னும் பாம்பைக் கயிறாகக் கொண்டு தேவரும் அசுரரும் பாற்கடல் கடையும் காட்சி, ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்திற்கு அதன் சுவரில் இன்றும் விளங்குகின்றது. தலைநகரின் பெருமை குன்றிய பின்னரும் பௌத்தத் துறவியர் அங்கு வழிபாட்டைத் தொடர்ந்தனர். அதனால் அக்கோவில் முற்றிலும் கைவிடப்படாமல் நிலைத்தது. இன்று கம்போடியக் கொடியில் பொறிக்கப்பட்டிருப்பதும் அக்கோவிலின் உருவமே.

பின்வந்தோர் முன்னோர் வடித்த உருவங்களைச் சிதைத்திருந்தால், இவ்வரலாறுகளை நாம் அறிந்திருத்தல் இயலாது. தாம் வணங்காத உருவத்தையும் காத்து நின்ற பெருந்தன்மையே அவற்றை நமக்கு அளித்தது. மாணவர்களே! கோவிலுக்குச் செல்லுங்கால் கருவறையை வணங்குவதோடு நில்லாமல் தூண்களையும் சுவர்களையும் நோக்குங்கள். அவற்றின்மீது பெயர் கீறுதலும், எழுத்து மறையச் சுண்ணம் பூசுதலும் வரலாற்றை அழிக்கும் செயல்களாகும். நம் கையில் வந்ததை நமக்குப் பின் வருவோர்க்குப் பழுதின்றி அளித்தல் நம் கடமையாகும்.