மாமா (ஒலியொப்புமைச் சொல்)

மாமா என்பது தமிழில் தாயின் உடன்பிறந்தானைக் குறிக்கும் உறவுச்சொல். அத்தையின் கணவர், மனைவி அல்லது கணவனின் தந்தை ஆகியோரும் இவ்வாறே அழைக்கப்படுகின்றனர். (பேச்சு வழக்கில் வேறு சில பொருள்களும் உண்டு, அவை இங்குத் தேவையில்லை.) ஏறத்தாழ இதே ஒலியுடைய சொல், தமிழோடு உறவில்லாத பல மொழிகளில் வேறு பொருள்களில் வழங்குகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி, தென் அமெரிக்காவின் கெச்சுவா, சீனம் ஆகிய மொழிகளில் இது தாயைக் குறிக்கும். ஆத்திரேலியப் பழங்குடி மொழியான பித்யன்த்யத்யாராவில் தந்தையைக் குறிக்கும். சிங்களத்தில் மாமா என்றால் மாமாதான். ஆனால் குறிலாக 'மம' என்றால் 'நான்' என்று பொருள்.

மாணவர்களுக்கு மிகவும் வியப்பூட்டக்கூடியது ஜார்ஜிய மொழி. அங்கே 'மாமா' தந்தை, 'தேதா' தாய். கிறித்தவக் குருவை விளிக்கும்போது 'மாமாவோ' என்பர். தாய்மொழிக்கு அவர்கள் சொல் 'தேதா ஏனா'. இயாக்கோபு கோகெபாசுவிலி 1876இல் வெளியிட்ட புகழ்பெற்ற அரிச்சுவடியின் பெயரும் அதுவே. அம்மொழியில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. ஆகவே இங்குள்ள நெடில்கள் நம் காதுக்கேற்ப எழுதப்பட்டவை.

இவ்வளவு தொலைவில் உள்ள மொழிகளில் ஒரே ஒலி எப்படி வந்தது? மொழியியலாளர் உரோமன் யாக்கோப்சன் 1960இல் வெளியான கட்டுரையில் இதற்கு விளக்கம் தந்தார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும். மூக்கின் வழியாக மட்டுமே ஒலி எழும். அந்த முனகல் பிறகு பசிக்கும்போதும் வருகிறது. இதழ் மூடினால் 'ம்', திறந்தால் 'ஆ'. அதற்குப் பொருள் கொடுப்பவர்கள் பெரியவர்கள். ஒரு மொழியார் அதைத் தாய் என்றனர், இன்னொரு மொழியார் தந்தை என்றனர். தமிழ்க் குழந்தைக்குச் சோறு 'மம்மு'. சப்பானியக் குழந்தைக்கு உணவு 'மம்மா'. மானிடவியலாளர் மர்டாக் தாய், தந்தையைக் குறிக்கும் 1072 சொற்களைத் திரட்டினார். தாயைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காடும், தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காடும் மட்டுமே ம, ந போன்ற மூக்கொலி அசைகளைக் கொண்டவை. சாய்வு தெரிகிறது, விதி என்று சொல்ல முடியாது.

எனவே இத்தகைய ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, 'அந்த மொழி தமிழிலிருந்து பிறந்தது' என்று எழுதுவது தவறு. இணையத்தில் இவ்வகைப் பட்டியல்கள் ஏராளம்; தேர்வுத் தாளில்கூட அவை இடம்பெறுகின்றன. இந்தி 'மாமா' வேறு வகை: நெடுங்காலம் அருகருகே வாழ்ந்த மொழிகளில் கடன் வாங்கலுக்கு வாய்ப்பு உண்டு. ஜார்ஜியத்துக்கு அதுவும் இல்லை.

மொழியுறவு தெரிவது ஒற்றைச் சொல்லில் அன்று, ஒழுங்கான ஒலிமாற்றத்தில். தமிழில் பால், பல், புலி, பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து. சொல் முதலில் வரும் பகரம் வரிசையாக ஹகரமாகிறது, பொருளோ மாறவில்லை.