பரணில் ஒரு மண் கூஜா

பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேசுவரம் போகும் வழியில் அக்காள்மடம் என்று ஒரு கிராமம். அடுத்தது தங்கச்சிமடம். சித்திரை மாதத்தில் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். கடற்காற்று வீசினாலும் மேலில் வியர்வை லேசில் காயாது. காற்றிலேயே அத்தனை ஈரம்! பானைக்கும் இதே சங்கடம்தான். அது வியர்த்து, அந்த வியர்வை காய்ந்தால்தான் உள்ளே தண்ணீர் குளிரும்.

காற்றுப் படும் மூலையாகப் பார்த்துப் பானையை வைப்பது நமக்குத் தெரிந்த உபாயம். மதுரைக் குயவர் அதற்கு ஒரு படி மேலே போனார்.

ராமநாதபுரம் தனி ஜில்லாவானது 1910-ல். அதற்கு முன் இந்தத் தீவும் மதுரை ஜில்லாதான். அந்த நாளில் மதுரையில் மெருகிட்ட மண் கூஜாக்கள் செய்தார்கள். பம்பாயில் டாக்டராக இருந்த ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற வெள்ளைக்காரர், இந்தியக் கைத்தொழில்களைப் பற்றி 1880-ல் வெளியிட்ட புத்தகத்தில் இவற்றை ரசித்து வர்ணித்திருக்கிறார். உருண்டை வயிறு, நெட்டைக் கழுத்து, மேலெல்லாம் கொத்துக் கொத்தாய் வெட்டு வேலை. நிறம் கரும் பச்சை, அல்லது பொன்னும் பழுப்பும் கலந்தது. வயிற்றிலோ துளைகள்!

“ஐயையோ, தண்ணீர் ஒழுகிவிடாதா?” என்கிறீர்களா? ஒழுகாது. உள்ளே இன்னொரு குடம் ஒளிந்திருக்கிறது, தண்ணீர் அதில்தான். கண்ணாடி போன்ற மெருகு மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். ஊறுகாய் ஜாடிக்கு அது நல்லது, தண்ணீர்ப் பானைக்கு ஆகாது. ஆகவே அழகுக்கு மெருகிட்ட வெளிக்கூடு. வியர்ப்பதற்கு உள் குடம். துளை வழியே காற்று புகுந்து அதைச் சுற்றி வரும். என்ன சாமர்த்தியம், பாருங்கள்!

இம்மாதிரிப் பழைய மெருகுப் பாண்டங்களைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இன்று உண்டு. போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது ஒன்று அகப்பட்டால் சட்டென்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். செம்மண் பாண்டமானால் மெருகு படாத இடத்தில் செங்காவி நிறம் தெரியும். நாள்பட்டதானால் தரையில் உரசி உரசி விளிம்பு தேய்ந்திருக்கும். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஈரத் துணியால் துடைத்தாலே போதும். விரிசலுக்குப் பெயிண்டும் அடிக்க வேண்டாம்.

இன்னொன்று, முக்கியமானது. பழைய செம்மண் பாண்டங்களின் மெருகில் ஈயம் கலப்பது பல தேசங்களில் வழக்கமாக இருந்தது. புளிப்புப் பட்டால் அது கரைந்து இறங்கும். குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். எனவே, ‘பாட்டி காலத்து ஜாடிதானே’ என்று மோரோ, எலுமிச்சங்காய் ஊறுகாயோ அதில் போட்டு வைக்காதீர்கள். கூடத்து அலமாரியே அதற்கு உரிய இடம்.

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மகள், “அம்மா, இதை நான் எடுத்துப் போகிறேனே!” என்று கெஞ்சலாம். கூஜாவுக்கு நூறு வயது ஆகிவிட்டதென்றால் நீங்கள் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். தொல்பொருள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனி மனிதர்களுக்கு உரிமையில்லை என்று 1972-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது.