பிரெண்ட்: கட்டியதும் கழற்றியதும்

கச்சா எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் செய்தியில் அடிபடும் பெயர் பிரெண்ட். பெயர்தான் இன்னும் சந்தையில் ஓடுகிறது. அதற்குக் காரணமான எண்ணெய் வயலில் 2021க்குப் பிறகு ஒரு சொட்டும் எடுக்கவில்லை.

ஷெட்லாண்ட் தீவுகளுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 186 கி.மீ. தொலைவில் 1971இல் ஷெல் நிறுவனம் கண்டுபிடித்த வயல் அது. 140 மீட்டர் ஆழக் கடலில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று நான்கு மேடைகள் எழுந்தன. ஆல்ஃபாவுக்கு எஃகுக் கால்கள்; மற்ற மூன்றுக்கும் கான்கிரீட். ஒவ்வொரு கான்கிரீட் அடித்தளமும் ஏறத்தாழ 3 லட்சம் டன். 1976இல் எண்ணெய் வந்தது. சுமார் 25 ஆண்டு ஓடினால் போதும் என்பது அன்றைய கணக்கு. அலைக்கும் புயலுக்கும் ஈடுகொடுக்கும்படி யோசித்துக் கட்டியவர்கள், வேலை முடிந்தால் எப்படிக் கழற்றுவது என்பதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் ‘பிறகு’ முதலில் வந்தது மேடைகளுக்கு அல்ல, பிரெண்ட் ஸ்பார் என்ற மிதக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு. அதை அட்லாண்டிக்கின் ஆழத்தில் மூழ்கடித்துவிடலாம் என்று ஷெல் முடிவெடுத்தது. பிரிட்டிஷ் அரசும் தலையாட்டியது. 1995 ஏப்ரலில் கிரீன்பீஸ் அமைப்பினர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் மக்கள் ஷெல் பெட்ரோல் பங்க் பக்கமே போகவில்லை. ஜூன் 20 அன்று ஷெல் பின்வாங்கியது. அதே நாளில்தான் பிரதமர் ஜான் மேஜர் அந்தத் திட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியிருந்தார்! தொட்டிக்குள் 5,500 டன் எண்ணெய் இருப்பதாகத் தான் சொன்னது தவறு என்று கிரீன்பீஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் காற்று திசைமாறிவிட்டது. ஸ்பாரை வெட்டி, நார்வேயில் ஒரு துறைமுக மேடைக்கு அடித்தளமாகப் போட்டார்கள். 1998இல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் அமைப்பு, பழைய மேடைகளைக் கடலில் விட்டுவிடக் கூடாது என்று விதித்தது. மிகக் கனமான எஃகுக் கால்களுக்கும் கான்கிரீட் அடித்தளங்களுக்கும் மட்டும் விலக்குக் கேட்கலாம். என் கணிப்பில், இந்தத் தொழில் கழற்றக் கற்றுக்கொண்டது தானாக அல்ல, பெட்ரோல் பங்கில் வாங்கிய அடியால்தான்.

கற்றது எவ்வளவு என்பதை 2017 ஏப்ரலில் பார்க்க முடிந்தது. டெல்டாவின் மேற்பகுதி மட்டும் 24,200 டன். முன்பெல்லாம் இப்படி ஒன்றை அகற்ற வேண்டுமென்றால் கிரேன் கப்பலை நிறுத்தி, பகுதி பகுதியாகக் கழற்றி இறக்க வேண்டும். வடகடலின் வானிலையில் ஆட்கள் உயரத்தில் தொங்கியபடி மாதக்கணக்கில் வெட்டும் வேலை அது. இப்போது வந்ததோ 382 மீட்டர் நீளமுள்ள ‘பயனியரிங் ஸ்பிரிட்’ என்ற கப்பல். அதன் முன்புறம் கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும். கான்கிரீட் கால்களை வைரக் கம்பி ரம்பத்தால் முன்கூட்டியே அறுத்து வைத்திருந்தார்கள். கப்பல் மேடையை நடுவில் வாங்கிக்கொண்டது. தூக்கு உத்தரங்கள் அடியில் நுழைந்தன. கடைசித் தூக்கல் சில நொடிகளில் முடிந்தது. மேடை இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் பக்கம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாரத்தைத் தாங்க அங்கே துறைமுக மேடையையே வலுப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு கல்நார் அகற்றல், குழாய்களில் படிந்த இயற்கைக் கதிரியக்கப் படிவைச் சோதித்தல், எஃகை உருக்காலைக்கு அனுப்புதல் என்று நீண்ட வேலை. 2024இல் சார்லியின் மேற்பகுதியும் கரையேறியது.

படம் பிடிக்க இது நன்றாக இருக்கும். செலவில் பெரும்பங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகிறது: கிணறுகளை அடைப்பதில். பழைய குழாயை உருவியெடுத்து, பாறைக்குப் பாறை சிமென்ட் இறக்கி, அழுத்தம் கொடுத்து, ஒழுகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். நாற்பது ஆண்டுக்கு முன் தோண்டிய கிணற்றின் ஆவணம் கைமாறிக் கைமாறி அரைகுறையாக வந்திருக்கும். துளையிட்ட அதே வகை ரிக் (துளையிடும் மேடை), அதே கைத்திறன்தான் அடைக்கவும் வேண்டும். அதனால்தான் அபர்தீன் பகுதியில் பல நிறுவனங்கள் இதைத் தனித்தொழிலாகவே எடுத்துக்கொண்டன. 2019இல் அருகிலுள்ள நியூபர்கில் இதற்கென ஓர் ஆய்வு மையமும் திறந்தது.

இன்னும் தீராத வழக்கு கான்கிரீட் கால்களும் அவற்றின் அடியிலுள்ள 64 அறைகளும். பல அறைகளில் எண்ணெய் கலந்த வண்டல் கிடக்கிறது. எடுப்பதுதான் ஆபத்து, அப்படியே விட்டுவிடுகிறோம் என்கிறது ஷெல். கூடாது என்று 2019இல் ஜெர்மனி ஆட்சேபித்தது. ஒரு காலத்தில் அந்த ஷெல்லின் பெட்ரோலை வேண்டாமென்றவர்களும் ஜெர்மானியர்கள்தானே.

பணம் யாருடையது? பிரிட்டிஷ் சட்டப்படி வயலின் பங்குதாரர்கள் எல்லோரும் கூட்டாகப் பொறுப்பு. விற்றுவிட்டுப் போனவரையும் அரசு திரும்ப அழைக்கலாம். ஆனால் கழற்றும் செலவுக்கு வரிச் சலுகை உண்டு, முன்பு கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. பிரிட்டிஷ் கடலில் உள்ள எண்ணெய், எரிவாயுக் கட்டுமானங்கள் முழுவதையும் கழற்ற 5,970 கோடி பவுண்டு ஆகும் என்று 2017இல் அத்தொழிலின் கட்டுப்பாட்டு அமைப்பு மதிப்பிட்டது. அதில் 35 விழுக்காட்டைக் குறைக்க இலக்கும் வைத்தது. நிறுவனங்கள் கிணறுகளை அடைப்பதைத் தள்ளிப்போடுவதாக அதே அமைப்பு இப்போது கண்டிக்கிறது: வேலை வராவிட்டால் ரிக்குகள் வேறு கடலுக்குப் போய்விடும், திரும்ப அழைக்கும்போது வாடகை கூடியிருக்கும், அந்தக் கூடுதலிலும் ஒரு பங்கு பிரிட்டிஷ் கருவூலத்தின் தலையில்தான் விழும்.