உங்களுக்குத் தெரியுமா? பாதாளம் இருட்டு உலகம் அல்ல!

பாதாளம் என்றதும் இருளும் நரகமும்தான் பலருக்கு நினைவு வரும். புராணங்களில் அது நரகமே அல்ல. பூமிக்குக் கீழே உள்ள ஏழு உலகங்களில் கடைசி அது. அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், ரசாதலம், பாதாளம் என்று பாகவதம் வரிசை சொல்கிறது. மகாபலி ஆள்வது சுதலம். வாசுகி முதலான நாகர்களின் இருப்பிடம் பாதாளம். நாகலோகம் என்ற பெயர் அதனால்தான். அங்கே போய்வந்த நாரதர், சொர்க்கத்தைவிட அழகு என்று வியந்ததாக விஷ்ணு புராணம் கூறுகிறது. எவ்வளவு அருமையான கற்பனை!

பாதாளத்தைக் கீழுலகு, பிலம் என்றும் சொல்வார்கள். பிலம் குகையையும் குறிக்கும். சீதையைத் தேடிய வானரர்கள் புகுந்து சுயம்பிரபையைக் கண்டது அப்படியொரு பிலத்தில்தான்.

பேச்சுத் தமிழில் பாதாளம் என்றால் ஆழம். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க, இரும்பு வளையத்தில் கொக்கிகள் கொத்தாகத் தொங்கும் ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். வாளியின் பிடியில் கொக்கி மாட்டும்வரை கயிற்றை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கருவியின் பெயர் பாதாளக் கரண்டி. கோயிலிலும் இந்தச் சொல் உண்டு: திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில், இளம் வயதில் ரமண மகரிஷி தவமிருந்த நிலவறை பாதாள லிங்கச் சந்நிதி. அங்கே போனால் தவறாமல் பாருங்கள்.