டீயின் மேல் ஏன் படலம்?

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆற்றுக்கால் பொங்கலுக்குத் திருவனந்தபுரம் வந்தவர், உறவினர் வீட்டில் குடித்த கட்டன்சாயாவில் சொக்கிப்போய் அதே தூளைச் சாலை பஜாரில் அரைக்கிலோ வாங்கிப்போனாராம். ஊரில் போட்டுப் பார்த்தால் நிறம் கறுத்து, மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். ‘கடைக்காரர் கலப்படத் தூளைத் தலையில் கட்டிவிட்டாரா?’ என்று கேட்கிறார்.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சிறிது நேரம் கழித்துத் தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். சாயம் ஏற்றிய தூளாக இருந்தால் கரும்பழுப்புக் கறை பதிந்திருக்கும். அவர் அதையும் செய்துவிட்டார், கறை இல்லை. தூள் நல்ல தூள்தான். தண்ணீரைத்தான் விசாரிக்க வேண்டும்.

அதற்கு முன் தூளுக்காக ஒரு வார்த்தை. ‘டஸ்ட்’ என்றால் ஆலையில் கூட்டிப் பெருக்கியது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சல்லடை அளவின் பெயர், தரத்தின் பெயர் அல்ல. 1930களில் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. இயந்திரம், பல் வெட்டிய இரண்டு உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளியது. நாம் பாலோடு குடிக்கும் டீ பெரும்பாலும் அதன் குழந்தை. 1947இல் தொடங்கிய கொச்சித் தேயிலை ஏலத்தின் பேரே டஸ்ட்டால்தான். நயமான டஸ்ட்டை விட்டுவிட்டு மட்டமான இலைத் தேயிலைக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் பெருமை.

இப்போது படலத்துக்கு வருவோம். 1993இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பைரோவும் ஜகன்யியும் இந்தப் படலத்தையே வழித்தெடுத்து ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். படலம் தூளிலிருந்தோ பாலிலிருந்தோ தானாக வருவதில்லை. தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்திருக்க வேண்டும். அப்போது டீயில் இறங்கிய பாலிபீனால்கள், நீர்ப்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கனத்த மூலக்கூறுகளாகத் திரண்டு மிதக்கும். கூடவே கொஞ்சம் சுண்ணாம்பும் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் போட்ட டீயில் படலமே இல்லை. எலுமிச்சை பிழிந்தாலும் இல்லை. அமிலம் பைகார்பனேட்டைத் தீர்த்துவிடுகிறது. மலபாரில் சுலைமானி போடும்போது எலுமிச்சைச் சாறு விழுந்ததும் கருஞ்சிவப்பு தேன் நிறமாக வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். டீயின் நிறமிகள் அமிலத்தில் வெளிறும், காரத்தில் கறுக்கும். வாசகியின் டீ கறுத்ததற்கும் அதே பைகார்பனேட்தான் காரணம்.

என் அம்மா கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று சொல்லி, அதற்கென்றே ஆற்றுத் தண்ணீர் ஒரு குடம் தனியாக வைத்திருப்பாள். டீக்கும் அந்தக் குடம்தான் வேண்டும்.

திருவனந்தபுரத்துக்கு அந்தக் குடம் கரமனை ஆறு. 1933இல் தொடங்கிய வில்லிங்டன் குடிநீர்த் திட்டம் அருவிக்கரையில் தேக்கிய ஆற்றுநீரை நகரத்துக்குக் குழாயில் கொண்டுவந்தது. ஆறு இறங்கி வரும் மலையில் சுண்ணாம்புப் பாறை கிடையாது. கரைத்துக்கொண்டு வர ஒன்றுமில்லாத மென்னீர். வாசகி மயங்கியதில் பாதிப் புகழ் இந்த ஆற்றுக்கு.

கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கடின நீர் வருகிற வீட்டுக்காரர்கள் என்ன செய்யலாம்? தண்ணீரைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, தெளியவைத்து, அடிமண்டியை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். பைகார்பனேட் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். மழைநீர் சேகரிப்புத் தொட்டி உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அளவு, நூறு மில்லிக்கு இரண்டு கிராம் தூள். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற உலகத் தரநிர்ணயமே அப்படித்தான் சொல்கிறது. (டீ போட ஆறு பக்கம் எழுதியதற்காகப் பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனத்துக்கு 1999இல் கேலி நோபல் பரிசு கிடைத்தது.) அந்தத் தரநிர்ணயம் சொல்லும் ஆறு நிமிட ஊறல் தேயிலையைச் சுவைத்துத் தரம் ஒப்பிடுபவர்களுக்கு. டஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். பாலை இங்கே சாயாக்கடையில் செய்வதுபோலத் தனியாகக் காய்ச்சி, வடித்த சாயத்தில் சேருங்கள். தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், கருவாட்டுக்கும் பெருங்காயத்துக்கும் எட்டாத அலமாரியில் வையுங்கள். அது எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. இத்தனை நல்ல நீர் வரும் இந்த நகரத்தில் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரம் மாட்டுகிறார்கள். விளம்பரம் பயமுறுத்துகிறது, பக்கத்து வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். இருக்கிற கொஞ்சம் தாதுவையும் பிடுங்கிவிட்டு, ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிற இயந்திரம் அது. அந்த நீரில் போட்ட டீ என் நாக்குக்குச் சப்பென்றிருக்கிறது. கிணற்றில் கிருமி இருக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்குக் கொதிக்கவைத்தால் போதும். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. இயந்திரம் வாங்கும் முன் உங்கள் வீட்டுத் தண்ணீரில் கரைந்த உப்புகளின் (டி.டி.எஸ்.) அளவைப் பரிசோதித்துப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் அந்தப் பணத்துக்கு நல்ல தூள் வாங்குங்கள்.