பணம் முதலில் யார் கணக்குக்குப் போகிறது?

2013 மே மாதம், 87 வயது ஹார்ப்பர் லீ நியூயார்க் நீதிமன்றத்தில் தன் இலக்கிய முகவர்மீது வழக்குத் தொடுத்தார். 1960இல் வெளிவந்து கோடிக்கணக்கில் விற்ற அவருடைய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலின் பதிப்புரிமை, 2007இல் அந்த முகவரின் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. லீக்குப் பக்கவாதம் வந்ததும் அதே ஆண்டில்தான். பார்வையும் செவியும் மங்கியிருந்த தன்னிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றார் லீ. அந்த முகவர் முன்பின் தெரியாதவர் அல்ல. லீயின் நூலை நெடுங்காலம் கவனித்துவந்த முகவரின் மருமகன். உரிமை 2012இலேயே லீயிடம் திரும்பியிருந்தது. வழக்கு 2013 செப்டம்பரில் சமரசமானது.

எழுதத் தொடங்கியவர்கள், “நல்ல ஏஜென்ட்டுக்கு என்ன தகுதி இருக்கணும்?” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இலக்கிய முகவராவதற்குத் தேர்வு கிடையாது, உரிமம் கிடையாது. இன்று காலை பெயர்ப்பலகை மாட்டினால் மாலைக்குள் ஏஜென்ட்தான். ஆகவே பட்டத்தைத் தேடிப் பயனில்லை. பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஏ.பி. வாட் இந்தத் தொழிலுக்கு வடிவம் கொடுத்தபோது, எழுத்தாளருக்குக் கிடைப்பதில் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டார். இன்று பொதுவாக 15 சதவீதம். வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20. சதவீதம் மாறினாலும் அடிப்படை மாறவில்லை: எழுத்தாளருக்கு வருமானம் இருந்தால்தான் முகவருக்கும் வருமானம். ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் வந்தால் அவருக்குப் பதினைந்தாயிரம். எதுவும் வராவிட்டால் அவருக்கும் எதுவுமில்லை. அந்தப் பதினைந்தாயிரத்துக்காகத்தான் அவர் பதிப்பாளரிடம் வாதாடுகிறார். கைப்பிரதியைப் படிக்கவே கட்டணம் கேட்பவருக்கு அந்த அவசியம் இல்லை. புத்தகம் விற்காமலேயே அவர் பிழைத்துக்கொள்வார். அமெரிக்க முகவர் சங்கத்தின் நெறிமுறை வாசிப்புக் கட்டணத்தைத் தடுப்பது இதனால்தான். கட்டணம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, அவர் விற்றுக் கொடுத்த புத்தகங்கள். “எனக்குப் பெரிய பதிப்பாளர்களைத் தெரியும்” என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, கடந்த இரண்டு வருடத்தில் எந்த நூலை எந்தப் பதிப்பகத்துக்கு விற்றார் என்று கேளுங்கள். உங்கள் எழுத்துக்கு நெருக்கமான ஐந்தாறு நூல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினாலே போதும்; ஆங்கில எழுத்தாளர்கள் பலர் முகவரின் பெயரை அங்கே குறிப்பிட்டிருப்பார்கள். சமையல் புத்தகங்களை மட்டுமே விற்றுப் பழகியவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், உங்கள் நாவலை எந்த எடிட்டரின் மேசையில் வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

வாசிப்பில் வரும் பித்தையும் நான் தகுதியாகவே எண்ணுகிறேன். அருந்ததி ராய் யாரென்று உலகம் அறியாத காலத்தில், ‘தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்’ கைப்பிரதியைப் படித்த லண்டன் முகவர் டேவிட் காட்வின் விமானமேறி தில்லிக்கே வந்துவிட்டார். 1997இல் புக்கர் பரிசு கிடைத்தது பிற்பாடு நடந்த கதை. பரிசுக்கு முன்பே அந்தப் பக்கங்களை நம்பிப் புறப்பட்டாரே, அப்படிப்பட்டவர்தான் பத்துப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பினாலும் பதினோராவதன் கதவைத் தட்டுவார்.

ஆனால் எழுத்தாளரின் பணம் முகவர் கணக்கின் வழியாக வரும்போது, ரசனையும் நற்பெயரும் கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றாது. நியூயார்க்கின் டொனாடியோ அண்ட் ஓல்சன் மதிப்புமிக்க பழைய முகமையாக இருந்தது. 2018இல் அதன் கணக்காளர் முப்பது லட்சம் டாலருக்கும் மேல் கையாடியது வெளிவந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ‘ஃபைட் கிளப்’ எழுதிய சக் பாலநியூக்கும் பணத்தை இழந்தவர்களில் ஒருவர். எனவே கூச்சப்படாமல் கேளுங்கள்: எழுத்தாளர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டா? ராயல்டி வந்தால் எத்தனை நாளில் அனுப்புவீர்கள்? என் பங்கைப் பதிப்பகமே நேராக எனக்கு அனுப்பும்படி ஒப்பந்தத்தில் எழுத முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதிப்புரிமை எக்காரணம் கொண்டும் முகவர் பெயருக்கு மாறக் கூடாது. அவர் உங்கள் சார்பில் பேசுபவர், உரிமையாளர் அல்ல. பிரிய நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் தாளில் இருக்கட்டும். பிரிந்த பிறகும், அவர் விற்ற நூல்களுக்கான கமிஷன் அவருக்குத் தொடர்ந்து போகும், அது நியாயம்தான்.

தமிழில் பெரும்பாலும் எழுத்தாளரும் பதிப்பாளரும் நேரடியாகவே பேசிக்கொள்கிறார்கள். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சிக்குப் பிறகு மொழிபெயர்ப்பு உரிமை, முகவர் என்ற சொற்கள் இங்கேயும் அடிபடுகின்றன. முகவரைத் தேடும் முன் பீரோவில் இருக்கும் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு உரிமையையும் பதிப்பகத்துக்கே கொடுத்திருந்தால், அதை விற்க முகவரிடம் உங்களால் ஒப்படைக்க முடியாது. எத்தனை வருடத்துக்கு என்று அதில் எழுதவில்லையா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு அதை ஐந்து வருடம் என்றே கொள்கிறது. கையெழுத்திட்ட தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள்; அந்த உரிமை ஏற்கெனவே உங்களிடம் திரும்பியிருக்கக்கூடும்.