உங்களுக்குத் தெரியுமா? கிராண்ட்பாஸின் மின்சாரப் பிரயாணம்

மோட்டார் கார் என்பது கொழும்புத் தெருக்களுக்கு இன்னும் அந்நியமாயிருந்த 1899ஆம் ஆண்டில் ஆரம்பமான ட்ராம் சேவையின் புண்ணியத்தால், கிராண்ட்பாஸ்வாசிகள், மின்சார சைக்கிளை ஒரு நூதனமென்று வியக்கும் நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, மின்சாரத்தில் ஏறிக் கோட்டைக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றார்கள்!

• பூஸ்டெட் சகோதரர் கம்பெனி நடத்திய அந்த வண்டி, தலைக்கு மேலோடிய ஒற்றைக் கம்பியைத் தடவிச் சென்ற கழியொன்றின் வழியே மின்சாரத்தைப் பெற்று, தண்டவாளத்தின் வழியே அதைத் திருப்பி அனுப்பிற்று. 1953இல் வந்த ட்ரொலி பஸ்ஸுக்கோ ரப்பர் சக்கரங்கள். மின்சாரம் திரும்பிச் செல்லத் தண்டவாளமில்லை; ஆகவே அதற்கு மேலே இரண்டு கம்பிகள் வேண்டியிருந்தன.

• 1929இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது கலகத்தில் முடிந்தது.

• 1944இல் மாநகர சபை கையேற்ற ட்ராம் 1960இலும், ட்ரொலி பஸ் 1964இலும் நின்றன. நகரம் எண்ணெயை நம்பலாயிற்று. (அது விவேகந்தானா என்பதைப் பெற்றோல் வரிசையில் காத்து நின்றவர்களே சொல்லட்டும்.)

• 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்தபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே அனுமதி. மின்சார சைக்கிளுக்கோ கம்பியும் வேண்டாம், கோட்டாவும் வேண்டாம். மிதித்துக்கொண்டே ஓட்டினால், ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்தில் 100 கிலோமீற்றர் போகலாம்.